தம்பி வழியில் வராதது அண்ணன் வழியில் வந்தது: ஃப்ரீ பேசிக்ஸ், ஒரு நிகழ்வு ஆய்வு

2016 பிப்ரவரி 8 அன்று இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு விதித்தொகுப்பை வெளியிட்டது. வாடிக்கையாளர் எந்த இணையதளத்தைப் பார்க்கிறார் என்பதை வைத்து டேட்டா கட்டணத்தைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது; மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய் அபராதம். சாரம் அவ்வளவுதான். மூன்றே நாட்களில், பிப்ரவரி 11 அன்று, ஃபேஸ்புக் நிறுவனம், சில தளங்களை மட்டும் டேட்டா செலவின்றிக் காட்டும் தன் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டத்தை இந்தியாவில் மூட்டைகட்டியது. இந்தியாவில் ஒரு பெரும் அமெரிக்க நிறுவனத்தைப் பொதுமக்களின் எதிர்ப்பு இவ்வளவு வெளிப்படையாகப் பின்வாங்க வைத்த நிகழ்வுகள் குறைவு. இடதுசாரிகள் அதைக் கொண்டாடினார்கள். கொண்டாடியதில் பிழையில்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2020 ஏப்ரல் 22 அன்று, அதே ஃபேஸ்புக் 43,574 கோடி ரூபாய் கொடுத்து ஜியோ பிளாட்ஃபார்ம்ஸ் நிறுவனத்தில் 9.99 சதவீதப் பங்கை வாங்குவதாக அறிவித்தது. இலவச இணையத் திட்டத்தில் ஃபேஸ்புக்கின் இந்தியக் கூட்டாளி அனில் அம்பானியின் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ். இந்த முறை கூட்டாளி முகேஷ் அம்பானி. தம்பி வழியில் வராதது அண்ணன் வழியில் வந்து சேர்ந்தது. கூச்சலும் இல்லை, மனுவும் இல்லை, தெருவில் பதாகையும் இல்லை. ஊரடங்கு நேரத்தில் பங்குச்சந்தை மட்டும் மகிழ்ந்தது.

இந்த இரண்டு தேதிகளுக்கும் இடையில் நடந்ததை விளக்காமல் முதல் வெற்றியைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை என்பது என் நிலைப்பாடு. 2016இல் நாம் தடுத்தது விலைப் பாகுபாட்டை. இணையத்தைக் கொண்டுவரும் குழாய், அதாவது கட்டமைப்பு, யாருடையது என்ற கேள்வியை மேடையில் வைத்துப் பேச அன்றைய எதிர்ப்புக் கூட்டணியால் முடியவில்லை. அது தற்செயலும் அல்ல.

38 தளங்கள் கொண்ட "இணையம்"

2013 ஆகஸ்டில் ஃபேஸ்புக் நிறுவனர் மார்க் ஸக்கர்பெர்க் இன்டர்நெட்.ஆர்க் என்ற பெயரில் ஒரு முயற்சியை அறிவித்தார். பின்னாளில் ஃப்ரீ பேசிக்ஸ் ஆனது இதுதான். எரிக்சன், மீடியாடெக், நோக்கியா, ஓப்பரா, குவால்காம், சாம்சங் ஆகிய நிறுவனங்கள் உடன் நின்றன. செல்பேசிக் கருவி விற்பவர்களும் அதற்குச் சில்லு விற்பவர்களும் சேர்ந்து உலகின் ஏழைகளுக்கு இணையம் வழங்குவதாகச் சொன்னால், அதைத் தொண்டு என்பதைவிடச் சந்தை விரிவாக்கம் என்று படிப்பதே பொருத்தம். ஆனால் பத்திரிகைகள் பெரும்பாலும் தொண்டு என்றே எழுதின. 2014 ஜூலையில் ஜாம்பியாவில் ஏர்டெல் வழியாகத் திட்டம் தொடங்கியது.

2015 பிப்ரவரி 10 அன்று இந்தியாவுக்கு வந்தது. முதலில் ஆறு மாநிலங்கள். அவற்றில் தமிழ்நாடும் ஒன்று. ரிலையன்ஸ் சிம் வைத்திருப்பவர்கள் டேட்டா பேக் இல்லாமலேயே 38 தளங்களைப் பார்க்கலாம். அந்தப் பட்டியலை இன்று எடுத்துப் படித்தால் திட்டத்தின் குணம் தெளிவாகத் தெரியும். ஃபேஸ்புக்கும் அதன் மெசஞ்சரும் இருந்தன. தேடுவதற்கு மைக்ரோசாஃப்டின் பிங். விக்கிப்பீடியா, பிபிசி, கிரிக்கெட் ஸ்கோருக்கு ஒரு தளம், பழைய பொருள் விற்க ஓ.எல்.எக்ஸ்., பயணச்சீட்டுக்கு கிளியர்ட்ரிப், தமிழுக்கு மாலை மலர். இவற்றோடு ரிலையன்ஸ் அஸ்ட்ராலஜி என்ற ஜோதிடச் சேவையும் அடிப்படைத் தேவைகளில் ஒன்றாக இடம்பெற்றிருந்தது. ரேஷன் அட்டைக்கு விண்ணப்பிக்கவோ பட்டா பார்க்கவோ வழியில்லாத ஓர் இணையத்தில் ராசிபலன் இலவசம். இதற்கு மேல் நையாண்டி எழுதத் தேவையில்லை.

தொழில்நுட்ப ஏற்பாடு இன்னும் முக்கியமானது. இந்தத் தளங்களுக்கான போக்குவரத்து ஃபேஸ்புக்கின் இடைநிலை சர்வர்கள் வழியாகவே சென்றது. சேர விரும்பும் தளம் ஃபேஸ்புக் வகுத்த நிபந்தனைகளுக்கு ஏற்பத் தன்னைச் சுருக்கிக்கொள்ள வேண்டும்: ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமல் இயங்க வேண்டும், காணொளி கூடாது, இணைய வழி அழைப்பு கூடாது. இணையவழி அழைப்பைத் தடுத்ததில் யாருக்கு லாபம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தொலைபேசி நிறுவனத்தின் குரல் அழைப்பு வருமானம் அதனால் பத்திரமாக இருந்தது. டேட்டாவுக்காக ஃபேஸ்புக் அந்த நிறுவனத்துக்குப் பணமும் கொடுக்கவில்லை. "முதலில் ருசி காட்டுங்கள், பிறகு அவர்கள் டேட்டா பேக் வாங்குவார்கள்" என்பதுதான் இரு தரப்பும் செய்துகொண்ட கணக்கு. அதை ஃபேஸ்புக் மறைக்கவும் இல்லை. இப்படி உள்ளே வருபவர்களில் சுமார் 40 சதவீதத்தினர் ஒரு மாதத்துக்குள் பணம் கட்டி முழு இணையத்துக்கு மாறுகிறார்கள் என்று தன் விளம்பரத்திலேயே பெருமையாகச் சொன்னது.

அந்த ஆண்டு ஃபேஸ்புக்கின் வருமானத்தில் சுமார் 95 சதவீதம் விளம்பரத்தால் வந்தது. இலவசத் தளத்தில் விளம்பரமே இல்லை என்று அது அடித்துச் சொன்னது, சொன்னது உண்மைதான். நிலத்தைச் சுற்றி வேலி போடும் நாளிலேயே யாரும் குத்தகை கேட்பதில்லை.

நூலகம் என்ற ஒப்புமை

2015 டிசம்பர் 28 அன்று ஓர் ஆங்கில நாளிதழில் ஸக்கர்பெர்க் ஒரு கட்டுரை எழுதினார். நூலகங்களில் எல்லாப் புத்தகங்களும் இல்லை, ஆனாலும் பயன்படுகின்றன. அரசு மருத்துவமனையில் எல்லாச் சிகிச்சையும் இல்லை, ஆனாலும் உயிர் காக்கின்றன. பொதுப் பள்ளிகளும் அப்படியே. அவற்றைப் போலத்தான் இலவச அடிப்படை இணையமும் என்பது அவர் வாதம். மகாராஷ்டிர விவசாயி ஒருவர் வானிலையும் விளைபொருள் விலையும் பார்ப்பதால் இணையத்துக்கு என்ன கேடு என்றும் கேட்டார்.

வாதம் கேட்க இதமாக இருக்கிறது. அதனால்தான் அதில் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. சுதந்திர இந்தியாவில் பொது நூலகச் சட்டத்தை முதலில் கொண்டுவந்தது சென்னை மாகாணம், 1948இல். அதன்படி சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி வசூலிக்கப்படுகிறது. இன்றும் தமிழ்நாட்டில் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார்த்தால் அந்த வரி தனியாகத் தெரியும். அதாவது கிளை நூலகத்தின் மர அலமாரிக்குப் பணம் கொடுத்தவர் வாசகரேதான். புத்தகத் தேர்வு மோசமாக இருந்தால் சட்டமன்றத்தில் கேள்வி கேட்கலாம், தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம், மாவட்ட நூலக அலுவலகத்துக்கு நேரில் போய்ச் சண்டையும் போடலாம். எந்த நூலகரும் நீங்கள் எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று குறித்துவைத்து விளம்பரதாரருக்கு விற்பதில்லை. நூலகத்துக்குச் சொந்தக்காரராக ஒரு பதிப்பாளர் இருந்து, தன் புத்தகத்தை வாசலிலேயே அடுக்கி, போட்டிப் பதிப்பாளர்களைத் தன் அளவுக்கு ஏற்ப வெட்டிக்கொண்டு வரச் சொல்வதும் இல்லை.

ஸக்கர்பெர்க் எடுத்துக்காட்டிய மூன்று நிறுவனங்களும் வரிப்பணத்தில் எழுந்தவை. பொதுத்துறை கட்டி எழுப்பிய நம்பிக்கையை ஒரு தனியார் நிறுவனம் தன் மேல் போர்த்திக்கொள்கிறது. அந்தப் பொதுத்துறைக்கு வரி கட்டும் விஷயத்தில் அதே வகை நிறுவனங்கள் காட்டும் சிக்கனம் ஊரறிந்தது. பெரும் தொழில்நுட்ப நிறுவனங்களின் பரப்புரையில் இந்த உத்தி திரும்பத் திரும்ப வருகிறது. ஃபேஸ்புக் வார்த்தையில் அது "சமூகம்", வேறொருவர் வார்த்தையில் "பகிர்வு", "அணுகல்", "அனைவருக்கும்". இடதுசாரிகளிடமிருந்து சொற்களை எடுத்துக்கொண்டு உடைமையை மட்டும் தன்னிடம் வைத்துக்கொள்வது.

ஒரு பொத்தானும் 18 லட்சம் மின்னஞ்சலும்

2015 டிசம்பர் 9 அன்று டிராய் வேறுபட்ட டேட்டா கட்டணம் குறித்த ஆலோசனை அறிக்கையை வெளியிட்டு நான்கு கேள்விகளுக்குப் பதில் கேட்டது. முடிவு வரும்வரை ஃப்ரீ பேசிக்ஸை நிறுத்தி வைக்கும்படி ரிலையன்ஸிடமும் சொன்னது. (செப்டம்பரிலேயே பெயர் மாறியிருந்தது, இன்டர்நெட்.ஆர்க் என்ற பெயரில் வந்தாலும் இது முழு இணையம் அல்ல என்று பலர் சுட்டிக்காட்டிய பிறகு.)

ஃபேஸ்புக் என்ன செய்தது என்பது இந்த விவகாரத்திலேயே மிகவும் கவனிக்கத்தக்க பகுதி. இந்தியப் பயனர்களின் திரையில் ஒரு அறிவிப்பு வந்தது: உங்கள் நண்பர் இன்னார் டிராய்க்குச் செய்தி அனுப்பிவிட்டார், நீங்களும் அனுப்புங்கள். அழுத்தினால் கடிதம் தயாராக இருந்தது. இந்தியாவில் டிஜிட்டல் சமத்துவத்தை ஆதரிக்கிறேன், ஃப்ரீ பேசிக்ஸை ஆதரிக்கிறேன் என்ற வகையில். ஒரே ஒரு பொத்தான் மீதம். அதை அழுத்தினால் கடிதம் போய்விடும், அழுத்தியதை உங்கள் நண்பர்களுக்கும் ஃபேஸ்புக் சொல்லிவிடும். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இருந்தவர்களுக்குக்கூட இந்த அறிவிப்பு போனது. தவறுதலாக நடந்துவிட்டது என்றது நிறுவனம். வெளியே, நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரங்கள். நகரங்களில் பிரம்மாண்டப் பதாகைகள். இணையச் சமநிலை (எல்லாத் தளங்களையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்ற கொள்கை) ஆர்வலர்கள் உங்களிடம் சொல்லாதவை என்று பத்து "உண்மைகள்".

டிராய்க்கு வந்து குவிந்த மின்னஞ்சல்களில் சுமார் 18.9 லட்சம் இந்த அச்சில் வார்த்தவை. கேட்ட நான்கு கேள்விகளில் ஒன்றுக்கும் அவற்றில் பதில் இல்லை. அந்தப் பயனர்களிடம் சொல்லிக் கேள்விகளுக்குப் பதில் அளிக்க வையுங்கள் என்று டிராய் கேட்டும் ஃபேஸ்புக் மழுப்பியது. 2016 ஜனவரி 18 தேதியிட்ட கடிதத்தில், ஓர் ஆலோசனை நடைமுறையை முன்கூட்டியே ஏற்பாடு செய்த பெரும்பான்மை வாக்கெடுப்பாகச் சுருக்கப் பார்க்கிறீர்கள் என்ற பொருளில் டிராய் காட்டமாக எழுதியது. அரசு அலுவலகக் கடிதங்களில் அந்தத் தொனி அரிது.

இதில் ஏழைகள் எங்கே இருந்தார்கள்? திட்டம் யாருக்காக என்று சொல்லப்பட்டதோ, அந்த இணையம் இல்லாத மக்கள் ஒருவர்கூட இந்தப் பொத்தானை அழுத்தியிருக்க முடியாது. ஏற்கெனவே ஃபேஸ்புக்கில் இருப்பவர்களை வைத்து, இல்லாதவர்களின் பெயரால், ஒரு நிறுவனம் தன் வழக்கைத் தானே வாதாடிக்கொண்டது. தன் மேடையைத் தனக்காக இயக்கினால் ஒரு நாட்டின் கொள்கை விவாதத்தை என்ன செய்ய முடியும் என்பதற்கு அது ஒத்திகை. ஃபேஸ்புக் பயனர்களின் தரவை அரசியல் பரப்புரைக்குப் பயன்படுத்திய கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் 2018இல் வெடித்தபோது திகைத்தவர்கள் இந்த டிசம்பரை மறந்திருந்தார்கள்.

விதிகள் வந்த பிறகு ஃபேஸ்புக்கின் இயக்குநர் குழுவில் இருந்த முதலீட்டாளர் மார்க் ஆண்ட்ரீஸன் ட்விட்டரில் தன் ஆதங்கத்தைக் கொட்டினார்: காலனிய எதிர்ப்பு பல பத்தாண்டுகளாக இந்திய மக்களுக்குப் பொருளாதாரப் பேரழிவு, இப்போது மட்டும் ஏன் நிறுத்த வேண்டும் என்று. உடனே நீக்கி மன்னிப்புக் கேட்டார். ஸக்கர்பெர்க்கும் தனக்கு அதில் உடன்பாடில்லை என்றார். பரப்புரைத் துறை பார்க்காமல் வெளியே வந்த ஒரே வாக்கியம் அது என்று நினைக்கிறேன்.

எதிர்த்தவர்கள் யார்

ஃப்ரீ பேசிக்ஸுக்கு முன்பே களம் தயாராகியிருந்தது. 2014 டிசம்பரில் ஏர்டெல் இணையவழி அழைப்புகளுக்குத் தனிக் கட்டணம் என்று அறிவித்துப் பின்வாங்கியது. 2015 ஏப்ரலில், பணம் கட்டும் நிறுவனங்களின் செயலிகளை மட்டும் வாடிக்கையாளருக்கு டேட்டா செலவின்றித் தரும் ஏர்டெல் ஜீரோ வந்தது. அதில் சேரவிருந்த ஃபிளிப்கார்ட்டின் செயலிக்குப் பயனர்கள் ஒற்றை நட்சத்திரம் கொடுத்துக் கீழே தள்ள, அது விலகிக்கொண்டது. அந்த மாதம் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் டிராய்க்குப் போயின. எதிர் அணியும் ஆயத்தக் கடிதத்தைத்தான் பயன்படுத்தியது என்று ஃபேஸ்புக் சொன்னதுண்டு. வேறுபாடு இருக்கிறது: அந்தக் கடிதங்கள் ஆணையத்தின் கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொல்லின.

எதிர்ப்பு அணியின் அகலம் வியப்பூட்டுவது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தினர், மார்க்சிஸ்ட் கட்சி, ராகுல் காந்தி, ஐஐடி பேராசிரியர்கள், நகைச்சுவைக் குழுவினர், மென்பொருள் முதலாளிகளின் சங்கமான நாஸ்காம், துணிகர முதலீட்டில் ஓடிய புதுத்தொழில் நிறுவனங்கள் என எல்லோரும் ஒரே பக்கம். பேடிஎம் நிறுவனர் கிழக்கிந்தியக் கம்பெனியை நினைவூட்டி ட்வீட் போட்டார். அவர் நிறுவனத்தில் அப்போது சீனாவின் அலிபாபா குழுமம் பெரும் பங்கு வைத்திருந்தது என்பதைச் சும்மா குறித்துவைக்கிறேன்.

இத்தனை பேரும் சேர்ந்து நிற்கக்கூடிய இடம் ஒன்றுதான்: "எல்லோருக்கும் சமமான ஆடுகளம்". புதுத்தொழில் முதலாளிக்கு அது போதும். அவருக்கு வேண்டியது அடுத்த ஃபேஸ்புக்காகத் தான் ஆகும் வாய்ப்பு. இடதுசாரிகளுக்கு அது போதாது. ஆனால் அலைக்கற்றை பொதுச்சொத்து, கடைசி மைல் இணைப்பு அரசின் கடமை, பி.எஸ்.என்.எல். மூலம் இலவச அடிப்படை டேட்டா என்று பேசத் தொடங்கியிருந்தால் நாஸ்காம் அடுத்த நாளே கூட்டணியை விட்டுப் போயிருக்கும். அதனால் அந்தப் பேச்சு கட்டுரைகளின் கடைசிப் பத்திகளில் மட்டும் இருந்தது. டிராய்தான் 2016 டிசம்பரில், கிராமப்புறச் சந்தாதாரர்களுக்கு மாதம் 100 எம்.பி. டேட்டாவைப் பொதுச் சேவை நிதியிலிருந்து இலவசமாகத் தரலாம் என்று பரிந்துரைத்தது. கிடப்பில் போனது. அதற்காக ஒரு மின்னஞ்சல் இயக்கமும் நடக்கவில்லை.

எல்லாத் தளங்களும் இலவசம்

அதற்குள் ஜியோ வந்துவிட்டது. 2016 செப்டம்பர் 5: பேச்சு இலவசம், டேட்டா இலவசம், முதலில் டிசம்பர் வரை, பிறகு 2017 மார்ச் வரை. தொடக்க விளம்பரத்தில் பிரதமரின் படம். பிப்ரவரி விதிகளை ஜியோ எந்த வகையிலும் மீறவில்லை என்பதுதான் சுவையான விஷயம். ஒரு தளத்தை மட்டும் இலவசமாகக் கொடுத்தால் குற்றம். எல்லாத் தளங்களையும் இலவசமாகக் கொடுத்தால் பாகுபாடு இல்லை. பெட்ரோ கெமிக்கல் லாபத்தையும் கடனையும் கொட்டி நட்டத்தில் விற்கும் வசதி உள்ளவருக்கு இணையச் சமநிலை ஒரு தடையே அல்ல.

பயன் இல்லை என்று சொன்னால் பொய். ஒரு ஜிபி டேட்டாவுக்கு 250 ரூபாய் அளவில் கொடுத்தவர்கள் அதைச் சில ரூபாய்க்குப் பெற்றார்கள். கட்டட வேலைக்கு வந்த ஒடிசாத் தொழிலாளி ஊரில் இருக்கும் மகளின் முகம் பார்த்துப் பேசினார். ஃபேஸ்புக்கின் 38 தளங்கள் தந்திருக்க முடியாத இணையம் அது. விலை யார் கொடுத்தார்கள் என்பதைப் பின்னால்தான் பார்க்க முடிந்தது.

தமிழ்நாட்டில் அதை 2018 பிப்ரவரியில் பார்த்தோம். இங்கேயே பிறந்து, இங்கே பெரும் வாடிக்கையாளர் கூட்டம் வைத்திருந்த ஏர்செல் சட்டென்று சிக்னல் இழந்தது. வேறு நிறுவனத்துக்கு எண்ணை மாற்ற 1900க்கு ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பி, பதிலாக வரும் குறியீட்டைக் கடையில் காட்ட வேண்டும். சிக்னலே இல்லாத செல்பேசியில் எஸ்.எம்.எஸ். எப்படிப் போகும், குறியீடு எப்படி வரும்? வங்கிக் கணக்கு, எரிவாயு முன்பதிவு, ஆதார் எல்லாம் அந்த எண்ணோடு கட்டப்பட்டிருந்தவர்கள் ஏர்செல் அலுவலகங்களின் வாசலில் குவிந்தார்கள். மாதக் கடைசியில் நிறுவனம் திவால் மனுப் போட்டது. ஃப்ரீ பேசிக்ஸைச் சுமந்து வந்த ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸும் சில மாதங்களுக்கு முன்பே அழைப்புச் சேவையை நிறுத்தியிருந்தது. 2019இல் அதுவும் திவால் நடவடிக்கைக்குள் போனது. ஒரு டஜன் அளவில் இருந்த நிறுவனங்கள் மூன்று தனியாரும் ஒரு நலிந்த பொதுத்துறையுமாகச் சுருங்கின. பி.எஸ்.என்.எல். ஊழியர்கள் சுமார் 78,500 பேர் 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் விருப்ப ஓய்வில் அனுப்பப்பட்டார்கள். அதன் 4ஜி நாடு தழுவித் தொடங்கப்பட்டது 2025 செப்டம்பரில். அதற்குள் மற்றவர்கள் 5ஜியில் மூன்று ஆண்டு ஓடியிருந்தார்கள்.

ஒழுங்குமுறை அமைப்புகள் சும்மா இருந்தன என்று சொல்ல முடியாது, உதவின. இலவசச் சலுகை போட்டியை அழிக்கிறது என்ற ஏர்டெல்லின் புகாரைப் போட்டி ஆணையம் 2017இல் தள்ளுபடி செய்தது. அழைப்பவரின் நிறுவனம் அழைப்பைப் பெறுபவரின் நிறுவனத்துக்குத் தரும் அழைப்பு இணைப்புக் கட்டணத்தை டிராய் 14 காசிலிருந்து 6 காசாகக் குறைத்தது. புதியவரான ஜியோவுக்கு அது நேரடி லாபம். ஃபேஸ்புக்கை எதிர்த்து நிமிர்ந்து நின்ற அதே அலுவலகம்தான். அயல்நாட்டுப் பெருமுதலாளிக்கு எதிராகக் காட்டிய முதுகெலும்பை உள்நாட்டுப் பெருமுதலாளியிடம் காட்டவில்லை. "தேசிய இணையம்" என்ற உணர்வெழுச்சியை நம்பியவர்களுக்கு இதில் பாடம் உண்டு.

ஃபேஸ்புக் 2020இல் வாங்கியது இந்த ஏற்பாட்டின் ஒரு துண்டைத்தான். மூன்று மாதங்களில் கூகுளும் 33,737 கோடி ரூபாயோடு வந்து 7.7 சதவீதம் எடுத்துக்கொண்டது. குழாய் வைத்திருப்பவரும் அதில் ஓடும் இரண்டு பெரிய நிறுவனங்களும் ஒரே பங்குப் பட்டியலில். 2016இல் நாம் அஞ்சியது இந்தச் சேர்க்கையைத்தான். ஆனால் நம் விதி கட்டண அட்டையை மட்டுமே பார்க்கும், பங்குப் பட்டியலைப் பார்க்காது.

மற்ற நாடுகளில் நடந்தது

தடுத்ததால் என்ன தப்பியது என்பதற்கும் சான்று இருக்கிறது. மியான்மரில் 2016இல் அரசு தொலைபேசி நிறுவனத்தின் வழியாக ஃப்ரீ பேசிக்ஸ் தொடங்கி அடுத்த ஆண்டு நிறுத்தப்பட்டது. பெரும்பாலான பயனர்களுக்கு ஃபேஸ்புக்தான் இணையம் என்ற அந்நாட்டின் நிலையை ரோஹிங்யாக்கள் மீதான வெறுப்புப் பரப்புரையோடு சேர்த்து ஐ.நா. உண்மை அறியும் குழு 2018இல் பதிவு செய்தது. அதற்கு ஃப்ரீ பேசிக்ஸ் மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன்; மலிவு சிம்மும் முன்கூட்டியே நிறுவப்பட்ட செயலியும் பெரும் பங்கு வகித்தன. 2022 ஜனவரியில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் வெளியிட்ட உள் ஆவணச் செய்தி இன்னும் சிறியது, இன்னும் கசப்பானது: பாகிஸ்தான் போன்ற நாடுகளில் "இலவச" சேவையைப் பயன்படுத்தியவர்களிடமிருந்து மென்பொருள் கோளாறால் டேட்டா கட்டணம் பிடிக்கப்பட்டு வந்தது. 2021 நடுவில் அது மாதத்துக்குச் சுமார் 78 லட்சம் டாலர். ஃபேஸ்புக் ஊழியர்களுக்கே அது தெரிந்திருந்தது.

கேரளத்தின் கே-ஃபோன் திட்டத்தை இங்கே சொல்லாமல் விட முடியாது. இணையம் அடிப்படை உரிமை என்று அறிவித்த இடது முன்னணி அரசு, மின்வாரியக் கம்பங்களில் கண்ணாடி இழை இழுத்து 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்றது. 2023 ஜூனில் தொடக்க விழா நடந்தபோது முதற்கட்ட இலக்கு 14,000 குடும்பங்கள். வேகம் போதாது, நிர்வாகம் குறித்த புகார்களும் உண்டு. ஆனாலும் குழாய் யாருடையது என்ற கேள்வியிலிருந்து தொடங்கிய முயற்சி என் பார்வையில் அது ஒன்றுதான். மற்ற மாநிலங்களின் இடதுசாரிகள் அதைக் கையில் எடுத்துப் பேசியதாகத் தெரியவில்லை.

2024 ஜூன் கடைசியில் ஜியோ, ஏர்டெல், வோடஃபோன் ஐடியா மூன்றும் இரண்டே நாட்களுக்குள் அடுத்தடுத்துக் கட்டண உயர்வை அறிவித்தன. ஜியோவின் 155 ரூபாய் மாதத் திட்டம் 189 ஆனது. மற்ற இருவரின் 179 ரூபாய்த் திட்டங்களும் 199 ஆயின. கோபித்துக்கொண்டு பி.எஸ்.என்.எல்.லுக்கு மாறியவர்கள் அங்கே பல இடங்களில் 4ஜி இன்னும் வராததைக் கண்டார்கள். 2016 விதிகளின்படி இந்த உயர்வில் கேட்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. ஃபேஸ்புக்குக்கும் மாலை மலருக்கும் ராசிபலனுக்கும் ஒரே மாதிரிதான் ஏறியிருந்தது.